குரோமோசோம்களை எண்ணிய ஜானகி அம்மாள்

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவி)



ஆண்டு மலர் என்றால் விசுவேசுவரய்யா, ஜி.டி. நாயுடு, அப்துல் கலாம் பற்றி ஒரு கட்டுரை கட்டாயம் இருக்கும். இருக்க வேண்டியதுதான். ஆனால் இந்த முறை நான் எழுதப்போவது ஒரு இன்ஜினியரைப் பற்றி இல்லை. செடிகளை ஆராய்ந்த ஒரு அம்மாவைப் பற்றி. பாலிடெக்னிக் மலரில் செடிக்கு என்ன வேலைன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. கொஞ்சம் பொறுமையா படிங்க. நம்ம லேப் விஷயமும் இதில் வருது.

பொங்கல் லீவுக்கு ஏற்காடு போயிருந்தேன். பிளஸ் டூ படிக்கிற என் தங்கை பயாலஜி ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்தாள். வெங்காய வேர் நுனியில் செல் எப்படிப் பிரிகிறது என்று ஐந்து படம். பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு எது எந்த நிலைன்னு என்னைக் கேட்டாள். மூணு தப்பாச் சொன்னேன். டிப்ளமோ படிக்கிற அக்காவுக்கு இதுகூடத் தெரியலையேன்னு அவளுக்கு ஒரே சிரிப்பு. வெட்கத்தில் அவள் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். அப்படியே ஆர்வம் பிடித்து, லீவு முடிந்ததும் லைப்ரரியில் தேட ஆரம்பித்தேன். அப்படித் தேடும்போது கிடைத்த பெயர்தான் இ.கே. ஜானகி அம்மாள்.

தலைச்சேரியில் பிறந்த பெண்

1897 நவம்பர் 4-ஆம் தேதி தலைச்சேரியில் பிறந்தார் ஜானகி. இன்று அது கேரளம். அன்று சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லா. அப்பா கிருஷ்ணன் சப் ஜட்ஜ். திய்யர் சமூகம். அப்பாவின் இரண்டு திருமணங்களிலும் சேர்த்து வீட்டில் மொத்தம் 19 பிள்ளைகள். அப்பாவுக்குச் செடி கொடி என்றால் உயிர். வீட்டில் தோட்டமும் உண்டு, புத்தகங்களும் உண்டு. ஜானகிக்குச் செடிமேல் வந்த ஆசை அங்கே வந்ததுதான்.

தலைச்சேரியில் கான்வென்ட் பள்ளி, பிறகு சென்னை ராணி மேரிக் கல்லூரி, பிறகு மாநிலக் கல்லூரி. 1921-ல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம். அப்புறம் சென்னை பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியர் வேலை.

அந்தக் காலத்தில் ஒரு பெண் பள்ளியைத் தாண்டுவதே பெரிய காரியம். அக்கா தங்கைகளுக்கு ஒவ்வொன்றாகக் கல்யாணம் ஆனது. ஜானகியின் முறை வந்தபோது அவர் கல்யாணத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை, படிப்பைத் தேர்ந்தெடுத்தார். கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. எல்லாரும் அப்படித்தான் இருக்கணும்னு நான் சொல்ல வரலை. ஆனா இரண்டில் எது என்று அவரே முடிவு செய்தார் பாருங்க, அதைத்தான் சொல்கிறேன்.

1924-ல் கப்பல் ஏறினார். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆசியப் பெண்களுக்கென்றே பார்பர் உதவித்தொகை என்று ஒன்று உண்டு. அது அவருக்குக் கிடைத்தது. முதுகலைப் பட்டம் வாங்கி ஊருக்கு வந்து, மறுபடி போய், 1931-ல் டாக்டர் பட்டமும் வாங்கினார். அவர் படித்த பாடம் செல்லியல். செல்லுக்குள்ளே இருக்கும் குரோமோசோம்களைப் பார்ப்பது, எண்ணுவது, அவை எப்படிப் பிரிகின்றன என்று கவனிப்பது.

அப்படி என்னதான் பார்த்தார்?

இங்கே ஒரு நிமிடம் நம்ம மெட்டலோகிராபி லேபை நினைத்துக்கொள்ளுங்கள். இரும்புத் துண்டை எமரி பேப்பரில் தேய் தேய் என்று தேய்த்து, கண்ணாடி மாதிரி பளபளப்பாக்கி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் ஒண்ணுமே தெரியாது. நைட்டால் போட்டு எட்ச் செய்த பிறகுதான் வெள்ளையாக ஃபெரைட்டும் கருப்பாக பியர்லைட்டும் கண்ணுக்குத் தெரியும். செல்லும் அதே கதைதான். சாயம் ஏற்றாவிட்டால் கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது தெரியாது.

வெங்காயத்தைத் தண்ணீர் நிறைந்த டம்ளர் மேல் உட்கார வைத்தால் இரண்டு மூன்று நாளில் வேர் விடும். அந்த வேரின் நுனியில் மட்டும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். செல் மும்முரமாகப் பிரிகிற இடம் அதுதான். அதை வெட்டி, ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் போட்டுச் செல்களை இருந்த நிலையிலேயே நிறுத்துவார்கள். பிறகு அமிலத்தில் லேசாகச் சூடு காட்டி இளக்கி, அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, ஸ்லைடில் வைத்துக் கண்ணாடி வில்லையால் மூடிக் கட்டை விரலால் நசுக்குவார்கள். செல்கள் ஒரே அடுக்காகப் பரவிவிடும். குரோமோசோம்கள் சிவப்பாகத் தெரியும்.

இப்போது மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். பெரும்பாலான செல்களில் நடுவே உருண்டையாக ஒரு நியூக்ளியஸ் மட்டும் தெரியும். உள்ளே தனித்தனி இழை எதுவும் பிரித்துப் பார்க்க முடியாது. அது இன்னும் பிரிய ஆரம்பிக்காத செல். இன்டர்பேஸ்.

சில செல்களில் நியூக்ளியஸ் பெருத்து, உள்ளே நூல்கண்டு கலைந்த மாதிரி இழைகள் தெரியும். இழை தடித்துக்கொண்டே வரும். உள்ளே இருந்த நியூக்ளியோலஸ் மறைந்துபோகும். இது புரோபேஸ்.

அடுத்தது, நியூக்ளியஸின் சுற்றுச்சவ்வே இருக்காது. குரோமோசோம்கள் எல்லாம் செல்லின் நடுக்கோட்டில் வந்து நிற்கும். ப்ரேயரில் நாம வரிசை கட்டி நிற்கிற மாதிரி. மெட்டாபேஸ். குரோமோசோம்கள் ரொம்பக் குட்டையாக, தடியாக இருப்பது இப்போதுதான். எண்ணுவதற்கு ஏற்ற நேரமும் இதுதான்.

அப்புறம் ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டாகப் பிரிந்து, இரண்டு கூட்டமாக இரண்டு பக்கம் இழுக்கப்படும். இழை பிடித்த இடம் முன்னால் போகும், கைகள் பின்னால் தொங்கும். அதனால் ஆங்கில எழுத்து 'வி' மாதிரி தெரியும். இது அனாபேஸ். நான் தங்கையிடம் தோற்றது இதில்தான். மெட்டாபேஸில் கூட்டம் ஒன்று, நடுவில். அனாபேஸில் கூட்டம் இரண்டு, நடுவில் இடைவெளி. இதை ஒரு தடவை மனசில் வாங்கிட்டா அப்புறம் தப்பே வராது.

கடைசியில் இரண்டு கூட்டமும் இரண்டு ஓரத்தில் போய்ச் சேர்ந்து, மறுபடி உருண்டையாகி, இரண்டு நியூக்ளியஸ் உண்டாகும். நடுவில் மெல்லிய கோடு ஒன்று விழும். அதுதான் புதுச் சுவர் எழும்பும் இடம். டீலோபேஸ். ஒரு செல் இரண்டு செல் ஆனது.

ஒரு ஸ்லைடில் இவை வரிசையாக இருக்காது. முன்னும் பின்னுமாக, கலந்து கிடக்கும். நின்றுபோன செல்களைப் பார்த்து எது முந்தியது, எது பிந்தியது என்று கண்ணால்தான் அடுக்க வேண்டும். கல்யாண ஆல்பத்தின் போட்டோக்களைக் கலைத்துப் போட்டுவிட்டு வரிசைப்படுத்தச் சொன்ன மாதிரி. ஜானகி அம்மாளின் காலத்தில் மைக்ரோஸ்கோப்போடு ஒரு கண்ணாடிக் கருவியைப் பொருத்தி, தெரிகிற உருவத்தைத் தாள்மேல் விழச்செய்து, பென்சிலால் ஒவ்வொன்றாக வரைவார்கள். மணிக்கணக்கில் குனிந்தே இருக்க வேண்டும். அவர் வாழ்க்கையில் பாதி அந்தக் குனிவிலேயே போயிருக்கும்.

கோவைக்கு வந்த கரும்பு ஆராய்ச்சி

அமெரிக்காவிலிருந்து வந்தவர் திருவனந்தபுரத்தில் மகாராஜா அறிவியல் கல்லூரியில் 1932 முதல் 1934 வரை பேராசிரியராக இருந்தார். பிறகு கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியலாளராகச் சேர்ந்தார்.

அந்த நிலையம் 1912-ல் தொடங்கியது. காரணம் ரொம்ப எளிமையானது. நம் நாட்டில் விளைந்த கரும்பு ஒல்லி, சாறு குறைவு. வெளியிலிருந்து வந்த தடித்த கரும்பில் இனிப்பு அதிகம், ஆனால் வட நாட்டுக் குளிருக்கும் நோய்க்கும் தாங்காது. ஆற்றங்கரையில் தானாக வளர்கிற பேய்க்கரும்பு என்ற நாணல் இருக்கிறதே, அதில் இனிப்பு ரொம்பக் குறைவு, ஆனால் எதற்கும் அசையாது. இந்த இரண்டையும் சேர்த்து பார்பர் என்ற விஞ்ஞானியும் டி.எஸ். வெங்கட்ராமனும் உண்டாக்கியதுதான் கோ 205 என்ற ரகம். 1918-ல் வெளியானது. இனிப்பும் உண்டு, உறுதியும் உண்டு.

வயலில் ஒட்டு சேர்ந்துவிட்டது. ஆனால் செல்லுக்குள்ளே என்ன நடந்தது? அதைப் பார்ப்பதுதான் ஜானகி அம்மாளின் வேலை. தடித்த கரும்பில் குரோமோசோம் 80. கோவைப் பக்கத்து நாணலில் 64. ஆசியா முழுக்க உள்ள நாணல்களை எடுத்தால் 40-லிருந்து 128 வரை இருக்கிறது. வெங்காயத்தில் 16-தான், அதுவும் பெரிசு பெரிசாக இருக்கும். கரும்பில் குட்டிக் குட்டியாக 80! ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். ஒன்று தவறினாலும் கணக்கு தப்பு. மறுபடி புது ஸ்லைடு, மறுபடி எண்ணிக்கை.

அவர் கரும்பை மக்காச்சோளத்தோடுகூட ஒட்டு சேர்த்துப் பார்த்தார். 1938-ல் அது பற்றி எழுதினார். மக்காச்சோளத்தில் குரோமோசோம் 20. இப்படி வேறு வேறு சாதிச் செடிகளைச் சேர்த்தால் பிறக்கும் செடி உண்மையிலேயே கலப்பினம்தானா, இல்லை தாய்ச்செடியே தன் மகரந்தத்தால் சூல் கொண்டதா? இலையைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. பூ மொட்டுக்குள் மகரந்தம் உண்டாகும்போது இன்னொரு வகைப் பகுப்பு நடக்கும். மியாசிஸ் என்று பெயர். அதில் அப்பா வழிக் குரோமோசோமும் அம்மா வழிக் குரோமோசோமும் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து நடுவில் நிற்கும். கலப்பினமாக இருந்தால் சிலதுக்கு ஜோடி கிடைக்காது. அவை தனியாக நிற்கும், பிரியும்போது பின்தங்கிவிடும். மைக்ரோஸ்கோப்பில் அது கண்ணுக்குத் தெரியும். செடியின் பிறப்புச் சான்றிதழே அங்கேதான் இருக்கிறது.

1935-ல் இந்திய அறிவியல் கழகத்தின் உறுப்பினர் ஆனார். சர் சி.வி. ராமன் அதற்கு முந்தின ஆண்டுதான் அந்தக் கழகத்தைத் தொடங்கியிருந்தார். இவ்வளவு இருந்தும் கோவையில் அவருக்கு நிம்மதி இல்லை. பெண், தனி ஆள், ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர் என்பதால் சக ஆட்களிடம் நிறையச் சங்கடங்களைச் சந்தித்தார் என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஸ்லைடில் தெரிகிற குரோமோசோம் எண்ணியவர் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. மனுஷங்கதான் பார்க்கிறாங்க.

குண்டு மழையில் லண்டன்

1939 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மரபியல் மாநாடு. அதற்குப் போனார். போன இடத்தில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. திரும்பி வரவில்லை. 1940-ல் லண்டனில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் செல்லியல் உதவியாளராகச் சேர்ந்தார். ஜெர்மன் விமானங்கள் இரவில் குண்டு போடும். கட்டிலுக்கு அடியில் ஒதுங்குவார், மறுநாள் உடைந்த கண்ணாடியைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குவார் என்று அவர் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த நிலையத்தில் இருந்த டார்லிங்டன் என்ற பெரிய விஞ்ஞானியோடு சேர்ந்து 1945-ல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். பயிர் செய்யும் செடிகளின் குரோமோசோம் அட்லஸ். சுமார் 10,000 செடி இனங்களுக்குக் குரோமோசோம் எத்தனை என்று அதில் தொகுத்திருக்கிறார்கள். உலகம் முழுக்கப் பல பேர் எண்ணிச் சொன்னதைச் சேர்த்து, சரிபார்த்து, ஒரே இடத்தில் வைத்தார்கள். நமக்கு டிசைன் டேட்டா புக் எப்படியோ, பயிர் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அந்த அட்லஸ் அப்படி.

எண்ணிக்கை தெரிந்தால் என்ன லாபம்? வாழைப்பழத்தை எடுத்துக்கோங்க. காட்டு வாழையில் 22 குரோமோசோம், பழம் முழுக்கக் கொட்டை. நாம சாப்பிடுகிற பூவனில் 33. மூன்று மூன்றாக இருப்பதால் ஜோடி சேர முடியாது. அதனால்தான் கொட்டை இல்லை. ஒரு எண் தெரிந்ததும் பழத்தின் கதையே தெரிந்துவிட்டது.

எங்க மலைக்கு வருவோம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது. இங்கே அதிகம் விளைவது அரபிகா. அரபிகாவில் குரோமோசோம் 44. ரொபஸ்டாவில் 22. சரியாகப் பாதி! அதனால் இரண்டையும் நேராகச் சேர்த்தால் பிறக்கும் செடி பெரும்பாலும் ஒழுங்காகக் காய்க்காது. என் அம்மா எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறாங்க. இருபது வருஷமாச் செடியைத் தொடுகிற கை. இந்த 44 கணக்கை அம்மாவிடம் சொன்னேன். இத்தனை சின்னதை யார் எண்ணினதுன்னு கேட்டாங்க. நிறையப் பேர் எண்ணினாங்க, எல்லாத்தையும் புத்தகமாச் சேர்த்தவங்கள்ல ஒருத்தர் நம்ம பக்கத்துப் பொம்பளைதான்னு சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் அந்தம்மா பேரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாங்க.

செங்காந்தளும் மக்னோலியாவும்

போர் முடிந்ததும் விஸ்லி என்ற ஊரில் உள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் செல்லியலாளராக வேலை செய்தார். அங்கே அவர் கையில் எடுத்தது கால்சிசின் என்ற மருந்து. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுப்பது கதிர்கோல் இழைகள். கால்சிசின் அந்த இழைகளை உருவாக விடாது. குரோமோசோம் இரட்டிப்பாகியிருக்கும், நடுவில் குழுமியிருக்கும், ஆனால் இழுக்க ஆள் இல்லை. அனாபேஸ் நடக்காது. செல் மெட்டாபேஸிலேயே நின்றுபோகும். கடைசியில் எல்லாம் ஒரே செல்லுக்குள் தங்கி, எண்ணிக்கை இரண்டு மடங்காகிவிடும். அப்படி வளரும் செடியில் இலையும் பூவும் பெரும்பாலும் பெரிசாக, தடிப்பாக இருக்கும்.

விஸ்லியில் அவர் கால்சிசின் வைத்து வளர்த்த மக்னோலியா மரங்கள் பல பத்தாண்டுகள் கழித்தும் வெள்ளை வெளேரென்று பூத்தன. ஒரு மக்னோலியா வகைக்கு ஜானகி அம்மாள் என்றே பெயர் வைத்தார்கள்.

இந்தக் கால்சிசின் வேறு எதில் இருக்கிறது தெரியுமா? நம்ம தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளில்! கண்வலிக்கிழங்கு என்று விவசாயிகள் பந்தல் போட்டு வளர்க்கிறார்களே, அதேதான். விதையை மருந்துக்காக விற்கிறார்கள். கிழங்கும் விதையும் கொடிய விஷம், யாரும் விளையாட்டுக்குக்கூட வாயில் வைத்துவிடக் கூடாது. செல் பிரிவதைத் தடுக்கும் சக்திதான் விஷமாகவும் இருக்கிறது, ஆராய்ச்சிக்கு உதவியாகவும் இருக்கிறது.

இன்னொரு செய்தி. மனுஷனுக்குக் குரோமோசோம் 48 என்றுதான் ரொம்ப நாள் உலகமே நம்பிக்கொண்டிருந்தது. 1956-ல்தான் 46 என்று சரியாக எண்ணினார்கள். கால்சிசின் போட்டு மெட்டாபேஸில் நிறுத்தி, செல்லை நன்றாகப் பரப்பிப் பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது. புத்தகத்தில் போட்டிருக்குன்னு நம்பிவிட்டால் போதாது, ஸ்லைடை ஒழுங்காகத் தயாரித்து நாமே எண்ணிப் பார்க்கணும். இது நம்ம வெர்னியர் ரீடிங்குக்கும் பொருந்தும். பக்கத்து பேட்ச் ரீடிங்கைக் காப்பி அடிக்கிற நண்பர்கள் மன்னிக்கவும்!

நேரு அழைத்தார்

1951-ல் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று நாடு திரும்பினார். இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1890-ல் வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கியது, பின்னால் நலிந்து கிடந்தது. அதைச் சீரமைக்கும் பொறுப்பு அவருக்கு. 1954 அக்டோபரில் தனி அலுவலராக நியமனம் ஆனார். நம் நாட்டுச் செடிகளின் மாதிரிகளில் பெரும்பகுதி லண்டனில் காய்ந்து கிடக்கிறது, நம் செடிகளை நம் ஆட்களே தேடிச் சேகரித்து ஆராய வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் நினைத்த மாதிரி எல்லாம் நடக்கவில்லை. ஆய்வகத்தின் தலைமைப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. அது அவருக்கு வலித்தது. வேலையை மட்டும் விடவில்லை. அலகாபாத்தில் மத்தியத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தை நடத்தினார். பிறகு ஜம்முவில் வேலை பார்த்தார்.

1955-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியின் முகத்தை எப்படி மாற்றினான் என்று ஆராய ஒரு பெரிய மாநாடு கூடியது. அழைக்கப்பட்டவர்களில் அவர் ஒருவர்தான் பெண். அங்கே அவர் பேசியது மலைவாழ் மக்களின் விவசாயம் பற்றி, அவர்களுக்குத் தெரிந்த செடிகள் பற்றி. மறு வருஷம் மிச்சிகன் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

அந்தச் சீரமைப்புக் காலத்தில்தான் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல அலுவலகம் 1955-ல் கோவையில் வந்தது. 1963-ல் ஏற்காட்டில் அதே ஆய்வகத்தின் ஆர்க்கிட் பண்ணையும் வந்தது. நம்ம கல்லூரி நண்பர்கள் ஏற்காடு டூர் வந்தால் ஏரியில் போட், லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில், ஒரு பஜ்ஜி, அவ்வளவுதான். அடுத்த முறை ஆர்க்கிட் பண்ணைக்கும் வாங்க. மரத்தில் ஒட்டி வளர்கிற பூச்செடிகள், பூச்சியைப் பிடிக்கிற குடுவைச் செடி எல்லாம் அங்கே உண்டு. சின்ன வயசில் அந்த வேலியோரம் நான் எத்தனையோ தடவை நடந்திருக்கேன். உள்ளே இருப்பது என்னன்னு கேட்கத் தோன்றியதே இல்லை.

மதுரவாயலும் அமைதிப் பள்ளத்தாக்கும்

1970-ல் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயர் ஆய்வு மையத்தில் கௌரவ விஞ்ஞானி. மதுரவாயலில் இருந்த அதன் வயல்வெளி ஆய்வுக்கூடம்தான் அவருக்கு வேலை செய்யும் இடமும் வீடும். மருந்துச் செடிகளை வளர்த்தார். எளிய வாழ்க்கை. 1977-ல் பத்மஸ்ரீ விருது வந்தபோது அவருக்கு 79 வயது.

அந்த வயசில் எல்லாரும் ஓய்ந்துபோவாங்க. அவர் அப்போதுதான் ஒரு சண்டைக்கு நின்றார். கேரளத்தில் பாலக்காடு பக்கம் அமைதிப் பள்ளத்தாக்கு என்ற மழைக்காடு. குந்திப்புழை ஆற்றில் அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டம் போட்டார்கள். காட்டின் ஒரு பகுதி தண்ணீருக்குள் போய்விடும். ஆசிரியர்கள், கவிஞர்கள், விஞ்ஞானிகள் எல்லாரும் எதிர்த்தார்கள். ஜானகி அம்மாளும் சேர்ந்தார். அவர் ஆயுதம் மைக்ரோஸ்கோப். மூழ்கப்போகிற காட்டு மரங்களின் குரோமோசோம்களை எண்ணிக் கணக்கெடுக்க முடிவு செய்தார். என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தானே எதை இழக்கிறோம் என்று தெரியும்?

நாம டெக்னிக்கல் படிக்கிறவங்க. அணையும் டர்பைனும் நம்ம பாடம். கரண்ட் வேண்டாம்னு நம்மால் சொல்ல முடியாது. எங்க வீட்டுக்கு கரண்ட் வந்த கதையைப் பாட்டி இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காங்க. ஆனால் ஒரு திட்டத்தின் வரைபடத்தில் வெறும் பச்சைக் கலராக இருக்கும் இடத்துக்குள்ளே எத்தனை உயிர் இருக்குன்னு எண்ணிப் பார்க்கவும் ஒருத்தர் வேணும். அந்த ஒருத்தராக அவர் நின்றார்.

1984 பிப்ரவரி 7-ஆம் தேதி மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் வேலையின் நடுவிலேயே காலமானார். வயது 86. அதே ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அணை வரவில்லை, காடு நின்றது. அதைப் பார்க்க அவர் இல்லை. அவர் பெயரில் வகைப்பாட்டியலுக்கு மத்திய அரசு விருது ஒன்று ஏற்படுத்தியிருக்கிறது.

நமக்கு என்ன?

நண்பர்களே, எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். இந்த வருஷம் டிப்ளமோ முடியுது. முடிஞ்சதும் கல்யாணம்னு சொந்தக்காரங்க பேச்சு ஆரம்பிச்சாச்சு. லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டு சேரலாம்னு சார் சொல்றார். எனக்கும் ஆசைதான். வீட்டில் சொல்ல வாய் வரலை. ஜட்ஜ் வீட்டுப் பெண்ணுக்கும் எஸ்டேட் லைன் வீட்டுப் பெண்ணுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. அவருக்குப் படிப்பு வீட்டிலேயே இருந்தது. எனக்கு அப்படி இல்லை. அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை.

ஆனால் ஒன்று. மெட்டாபேஸில் குரோமோசோம்கள் நடுவில் வந்து நிற்கும்போது பார்க்கிறவனுக்கு எல்லாம் அசையாமல் இருக்கிற மாதிரிதான் தோணும். இழைகள் பிடித்து ஆகிவிட்டது, அடுத்தது நடக்கப்போகிறது என்று தெரிந்தவனுக்கு மட்டும் தெரியும். இந்தக் கட்டுரையை எழுதி முடித்த அன்று இரவு ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் பி.இ. விஷயத்தைச் சொல்லிட்டேன். அம்மா சரின்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. பாரம் எப்பத் தருவாங்கன்னு மட்டும் கேட்டாங்க.

நீங்களும் ஒரு வெங்காயத்தை டம்ளர் மேல் உட்கார வைத்துப் பாருங்கள். மூணே நாள்தான். பயாலஜி படிக்கிற யாராவது பக்கத்தில் இருந்தால் ஒரு ஸ்லைடு போட்டுத் தரச் சொல்லுங்கள். எந்த நிலை எது என்று நீங்களே அடுக்குங்கள். தப்பானாலும் பரவாயில்லை, மறுபடி எண்ணுங்கள். அப்படி மறுபடி மறுபடி எண்ணியே ஒரு வாழ்க்கையை வாழ்ந்து காட்டியவர் ஜானகி அம்மாள்.